எமிலே சொல்ல வேண்டும்

ஊசி அனுப்புகிற கம்பெனியிலிருந்து பெர்னடெட்டுக்கு மாதம் ஒரு முறை போன் வரும். பேசுகிற பெண் ஒவ்வொரு தடவையும் வேறு ஆளாக இருப்பாள், கேள்விகள் மட்டும் மாறாது. காய்ச்சல் உண்டா, ஆறாத புண் ஏதாவது உண்டா, எந்தத் தேதியில் பெட்டி வந்தால் வீட்டில் இருப்பீர்கள். பெர்னடெட் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, பாத்திரம் கழுவியபடியே இல்லை, இல்லை, வியாழக்கிழமை என்று சொல்லி முடித்துவிடுவாள். கிறிஸ்துமஸ் கழிந்த திங்கட்கிழமை வந்த போனையும் அப்படித்தான் எடுத்தாள்.

"ஜனவரிப் பெட்டிக்குத் தேதி போட முடியலை மேடம். உங்க காப்பீடு நாளையோட முடியுதுன்னு வருது."

"எங்க வருது?"

"என் ஸ்கிரீன்ல."

"அப்ப உங்க ஸ்கிரீனைத் துடைச்சுட்டுப் பாருங்க. எங்களுது யூனியன் காப்பீடு. அது முடியறதெல்லாம் கிடையாது."

அந்தப் பெண் பாவம், நிஜமாகவே இன்னொரு முறை பார்த்தாள். முடிவுத் தேதி அங்கேயேதான் இருந்தது. பெர்னடெட் கையில் இருந்த கோப்பையைத் தண்ணீருக்குள்ளேயே விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அவளுக்கு அறுபத்து மூன்று வயது. முடக்குவாதம். அந்த ஊசி வருவதற்கு முன்னால் இரண்டு குளிர்காலம் அவள் விரல்கள் கோழிக் கால் மாதிரி மடங்கிக் கிடந்தன. முள்கரண்டியைப் பிடிக்க முடியாது, ஜிப்பை இழுக்க முடியாது, குளியலறையில் செய்ய வேண்டியதைக்கூட எமிலைக் கூப்பிட்டுத்தான் செய்துகொள்ள வேண்டும். ஊசி வந்த பிறகுதான் விரல் நிமிர்ந்தது. ஒரு மாதத்து ஊசி விலைக்கு ஓடுகிற நிலையில் ஒரு பழைய கார் வாங்கலாம். அதைக் கட்டுவது எமிலின் யூனியன். கண்ணாடி ஆலையில் ஆயுள் முழுக்க வெந்ததற்காக அவனுக்குக் கிடைத்த ஓய்வுக்காலக் காப்பீட்டில் மனைவி என்று அவளும் தொற்றிக்கொண்டிருந்தாள். அறுபத்தைந்து வயதானவர்களுக்கு அரசாங்கம் தரும் மெடிகேர் அட்டை எழுபத்தொரு வயது எமிலிடம் இருந்தது. அவளுக்கு அது கிடைக்க இன்னும் இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். அதுவரை யூனியன் அட்டை இல்லையென்றால் அவளுக்கு ஒன்றும் இல்லை.

யூனியன் நிதி அலுவலகத்துக்கு போன் போட்டாள். அங்கே கிளெண்டா என்று ஒருத்தி இருந்தாள். வருடக்கணக்காகப் பேசிப் பழகியதில் முகம் பார்க்காத சிநேகிதி ஆகிவிட்டவள்.

"பெர்னி, நானே கூப்பிடணும்னு இருந்தேன், லீவுல மேஜையில வேலை குமிஞ்சு கிடக்கு," என்றாள் கிளெண்டா. "உன் வீட்டுக்காரர் என்னடி பண்ணி வச்சிருக்கார்?"

"என்ன பண்ணினான்?"

"வெளியில ஒரு மருந்துத் திட்டத்துல சேர்ந்திருக்கார். மெடிகேர்லேர்ந்து எங்களுக்குத் தானா தகவல் வந்துடும். நம்ம விதி உனக்குத் தெரியும்ல? வெளியில சேர்ந்தா இங்க எடுத்துடுவாங்க. அவரை மட்டும் இல்லை, அவரோட ஒட்டினவங்களையும்."

"எமிலா? அவன் பீட்சாவுக்குக்கூட போன் பண்ணமாட்டானே!"

"கையெழுத்து அவரோடதுதான். இங்க ஒருதரம் வெளிய போனா திரும்ப உள்ள வர முடியாது பெர்னி. எத்தனை பேர் என்கிட்ட அழுதிருக்காங்க தெரியுமா? ஆனா ஒண்ணு. அது ஜனவரி ஒண்ணாம் தேதிதான் நடப்புக்கு வருது. அதுக்குள்ள அவர் அவங்களைக் கூப்பிட்டு ரத்து பண்ணி, ரத்து எண்ணை எனக்குக் குடுத்தா, நான் நிறுத்தி வச்சுடுவேன். நாளைக்கு மத்தியானம் வரைக்கும்தான் இங்க ஆள் இருப்போம்."

"நான் கூப்பிடறேன்."

"நீ இல்லை. அவர். சேர்ந்தவங்க வாயாலதான் சொல்லணும்."

பெர்னடெட் போனை வைத்தாள். அவளுக்கு முதலில் கோபம்கூட வரவில்லை, அலுப்புதான் வந்தது. இந்த நாட்டில் மாத்திரை வாங்குவதற்கென்று ஒரு படிப்பே தேவைப்படுகிறது. வருடா வருடம் இலை உதிரத் தொடங்கி, திட்டம் மாற்றும் காலம் வந்ததும் தொலைக்காட்சியில் பல் வரிசை காட்டும் கிழவர்கள் வந்து 'இன்றே அழையுங்கள்' என்பார்கள், தபால் பெட்டி நிரம்பி வழியும். வயதானவர்களைக் கண்டால் எல்லாருக்கும் திடீரென்று அத்தனை பாசம். அந்தக் குப்பையை எல்லாம் அவள் பார்க்கக்கூடப் பார்க்காமல் அடுப்புக் குழிக்குள் போடுவாள். அவன் எங்கே போய் மாட்டினான்?

எமில் முன்னறையில் தொலைக்காட்சியில் பரிசுப் போட்டிச் சக்கரம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். சத்தம் தெருக்கோடி வரை கேட்கும். அவனுக்கு அது முணுமுணுப்பு. ஆலையில் கண்ணாடி ஊதும் இயந்திரங்களின் பக்கத்தில் நின்று நின்று காது போய்விட்டது. காதுக் கருவிக்கு மெடிகேர் ஒரு பைசா தராது. யூனியன் கொடுத்த பாதிக் காசில் வாங்கியது ஒன்று இருந்தது. போனுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் அது விசில் அடிக்கும் என்று அலமாரிக்குள் தூங்கப் போட்டுவிட்டான். அதனால் இந்த வீட்டில் பேச்சு என்பது பெர்னடெட் கத்துவதும் எமில் "என்ன?" என்பதும்தான்.

அவள் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு முன்னால் நின்றாள்.

"எமில்! மருந்துத் திட்டம் எதுலயாவது சேர்ந்தியா?"

"என்ன?"

"மருந்து! திட்டம்! சேர்ந்தியா!"

அவன் முகம் மலர்ந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பையன் மாதிரி சிரித்தான்.

"அதுக்குள்ள கண்டுபிடிச்சிட்டியா? புதுவருஷத்துல சொல்லலாம்னு வச்சிருந்தேன். எல்லாம் நானே முடிச்சேன். தீயணைப்பு நிலையக் கூடத்துல அக்டோபர்ல ஒரு ஆள் வந்திருந்தான், நல்ல பையன், டையெல்லாம் கட்டிக்கிட்டு. காபி, டோனட் எல்லாம் வச்சிருந்தான். என் ரத்தக் கொதிப்பு மாத்திரை இப்ப குடுக்கறதுல பாதிக்கும் கம்மி. உனக்குக்கூட ரெண்டு டோனட் கொண்டாந்தேனே, சர்க்கரைப் பாகு ஊத்தினது."

அந்த டோனட் அவளுக்கு ஞாபகம் இருந்தது. நன்றாகத்தான் இருந்தது, இரண்டையும் அவளே தின்றிருந்தாள்.

"வேற இன்சூரன்ஸ் இருக்கான்னு அவன் கேக்கலையா?"

"கேட்டான். எழுதியே காட்டினான்."

"நீ என்ன சொன்னே?"

"இல்லைன்னேன்."

"இல்லையா? அப்ப யூனியன் அட்டை?"

"அது யூனியன்டி! அது எப்படி இன்சூரன்ஸ் ஆகும்?"

 வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் மூளை கழன்றவன் என்று சொல்லியிருப்பாள். ஆனால் எமில் எந்த அர்த்தத்தில் சொன்னான் என்று அவளுக்குத் தெரிந்தது, அதுதான் கொடுமை. இந்த ஆற்றங்கரை ஊர்களில் இன்சூரன்ஸ் என்றால் டை கட்டியவன் வந்து விற்கிறது, கார் மோதினால் இழுத்தடிக்கிறது. யூனியன் அட்டை அந்த ஜாதியே இல்லை. அவர்கள் மகள் பிறந்த வருடம் வேலைநிறுத்தம் செய்து ஆலை வாசலில் பனியில் நின்று, ஒரு குளிர்காலம் முழுக்க உருளைக்கிழங்கு சூப்பைக் குடித்து, அடிதடியில் எமிலின் ஒரு பல் போய், அப்புறம் வாங்கியது அது. 'உங்களுக்கு வேறு இன்சூரன்ஸ் இருக்கிறதா' என்று கேட்டால் அந்த ஊர்க் கிழவர்களில் பாதிப் பேர் நெஞ்சில் கை வைத்து இல்லை என்றுதான் சொல்வார்கள்.

"எதுக்கு என்கிட்ட கேக்காமப் போனே?"

"நீதான் ஒவ்வொரு வருஷமும் போனும் கையுமா உக்காந்து கண்ணைக் கசக்கறே. கை வலிக்குதுங்கறே. ஒரு வேலையாவது உன் தலையில விழாம இருக்கட்டுமேன்னு..."

அவள் உட்கார்ந்து, அவன் முகத்துக்கு நேராக, ஒவ்வொரு சொல்லாகக் கத்தி விஷயத்தைச் சொன்னாள். அட்டை போகிறது. உன்னுடையது போகிறது. என்னுடையதும் போகிறது. ஊசி வராது.

"உனக்குமா?"

"எனக்கு முழுசா."

 எமில் அவள் கைகளை ஒரு தரம் பார்த்தான். பிறகு எழுந்து நிலவறைக்கு இறங்கிப் போய்விட்டான். ஏதாவது தப்பு நடந்தால் அவன் அங்கேதான் போவான், கொதிகலனுக்குப் பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் டப்பாவில் உட்கார்ந்துகொள்வான். தப்பைச் செய்துவிட்டுக் கீழே போய் உட்கார ஒருத்தன், மேலே நின்று அதைத் துடைக்க ஒருத்தி. நாற்பது வருடக் குடும்பத்தில் வேலை இப்படித்தான் பிரிந்திருந்தது.

சரி, வழக்கம்போல் பார்த்துக்கொள்ளலாம் என்று அவள் நினைத்தாள். வழக்கம் என்னவென்றால், எமிலே பேச வேண்டும் என்று யார் சொன்னாலும் பெர்னடெட் எமிலாகிவிடுவாள். மோவாயைக் கழுத்தோடு அழுத்தி, குரலை வயிற்றிலிருந்து எடுத்து, வாக்கியத்துக்கு நடுவில் ஒரு இருமல் இருமினால் போதும். கேபிள் கம்பெனி, எரிவாயுக் கம்பெனி, வங்கி, எல்லாரிடமும் எமில் கோவால் அப்படித்தான் பேசியிருக்கிறான். வங்கியில் ஒருத்தி அவன் குரலில் ஒரு கம்பீரம் இருக்கிறது என்றுகூடச் சொல்லியிருக்கிறாள்.

மருந்துத் திட்டத்தின் எண்ணை அழுத்தி, ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுக் காத்திருந்தாள். கடைசியில் ஒரு ஆண் குரல் வந்தது.

"எமில் கோவால் பேசறேன்," என்று இருமினாள். "உங்க திட்டத்தை ரத்து பண்ணணும்."

பிறந்த தேதி கேட்டான், சொன்னாள். விலாசம், அட்டை எண், எல்லாம் சொன்னாள். 

"அம்மா," என்றான் அந்த ஆள், மரியாதையாகவே. "எனக்கும் வீட்ல அம்மா இருக்காங்க. எங்கப்பா குரல்ல பேசுவாங்க."

பெர்னடெட்டின் காது மடல் சூடாகிவிட்டது.

"அவனுக்குக் காது கேக்காதுப்பா. நான் என்ன பண்றது?"

"காது கேக்காதவங்களுக்குத் தனி லைன் இருக்கு, ஆனா பதிவு பண்ணி வர ஒரு வாரம் ஆகும். உங்களுக்கு அதிகாரம் குடுத்து அவர் கடிதம் போட்டாலும் அவ்வளவு நாள் ஆகும். அவரையே பேசச் சொல்லுங்க. ஆனா ஒண்ணு, வேற ஆள் பேசினதா நான் குறிப்பு போட்டே ஆகணும். மன்னிச்சுக்குங்க." லைனை வைத்துவிட்டான்.

ஆக, கொஞ்சம் தொல்லையாக இருந்ததை அவளே பெரிய தொல்லையாக்கி வைத்தாள். மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். கிறிஸ்துமஸுக்குச் செய்த வால்நட் ரோலில் மிஞ்சிய துண்டு தட்டில் காய்ந்துகொண்டிருந்தது. விரல் கணுக்கள் விண் விண் என்றன. பெட்டியில் மிஞ்சின கடைசி ஊசி நாளைக்குப் போட வேண்டியது, அதற்கு முந்தின நாட்களில் கை இப்படித்தான் முறுக்கிக்கொள்ளும். கத்திக் கத்தித் தொண்டையும் போயிருந்தது. எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டுப் போய்ப் படுத்துவிடலாம் என்று நிஜமாகவே தோன்றியது. அந்த இரண்டு குளிர்காலங்கள் ஞாபகம் வந்ததால் எழுந்தாள்.

நிலவறைப் படியில் நின்று விளக்கை இரண்டு தடவை அணைத்துப் போட்டாள். எமில் மேலே வந்தான். கண் சிவந்திருந்தது. அலமாரியிலிருந்த காதுக் கருவியை மாட்டிப் பார்த்தார்கள். போனுக்குப் பக்கத்தில் அது பன்றிக்குட்டி மாதிரி கத்தியது. கழற்றிப் போட்டார்கள்.

"ஸ்பீக்கர்ல போடறேன்," என்று அவன் காதில் கத்தினாள். "அவங்க கேக்கறதை நான் உனக்குத் திரும்பச் சொல்றேன். நீ பதில் சொல்லு."

மறுபடியும் அதே பாட்டு. வெளியே பனி உருக உப்பு தூவும் லாரி தெருவில் இரண்டு தரம் போய்வந்தது. கடைசியில் யோலண்டா என்று ஒருத்தி வந்தாள். களைத்த குரல். அவளுக்கும் வருடக் கடைசி.

"மிஸ்டர் கோவால், இந்த அழைப்பு பதிவாகுது. இன்னைக்கு உங்க பேர்ல வேற யாரோ பேசினதா குறிப்பு இருக்கு. அதனால பதில் எல்லாம் உங்க வாயாலதான் வரணும். பக்கத்துல யாராவது பேசி எடுத்துக் குடுக்கறது என் காதுல விழுந்தா, நான் லைனைத் துண்டிக்கணும். புரிஞ்சுதா?"

"என்ன?" என்றான் எமில்.

யோலண்டா திரும்பச் சொன்னாள்.

"என்ன?" எமில் பெர்னடெட்டைப் பார்த்தான். பெர்னடெட் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள்.

"சார், நான் பேசறது கேக்குதா உங்களுக்கு? இல்லைன்னா நான் வைக்க வேண்டியிருக்கும்."

அப்போது பெர்னடெட்டின் கை தானாக எழுந்தது. இரண்டு விரலைச் சேர்த்துத் தன் தொண்டையில் வைத்து, டையின் முடிச்சை நேராக்குகிற மாதிரி அசைத்தாள்.

எமில் அப்படியே விறைத்து நிமிர்ந்தான்.

ஆலையில் ஊது இயந்திரங்கள் ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே எல்லாரும் கையால்தான் பேசினார்கள். எமில் உலைப் பக்கம். பெர்னடெட் எதிரே தரம் பார்க்கும் வரிசையில் உட்கார்ந்து டம்ளர்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பவள். டை முடிச்சு என்றால் மேஸ்திரி வருகிறான், வாயை மூடி வேலையைப் பார். கட்டைவிரலைத் தோளுக்குப் பின்னால் காட்டினால் இது ஓட்டை, உடைசல் தொட்டியில் போடு. காதுமடலைத் தொட்டால் பெர்னி, அந்தக் காலத்தில் அவள் போட்டிருந்த சிவப்புத் தோட்டுக்காக. எமில் உலைப் பக்கமிருந்து காதுமடலைத் தொட்டால் 'பெர்னி, இருக்கியா?' என்று அர்த்தம். அவள் ஒரு விரலைத் தூக்கினால் 'இருக்கேன்'. அவர்கள் காதலித்ததில் பாதி இப்படித்தான் நடந்தது. பிறகு ஆலை மூடியது, அவள் விரல்களும் மடங்கின. ஊசி வந்து விரல் நிமிர்ந்த பிறகு, கத்திப் பழகிவிட்டதால், கையால் பேசலாம் என்பதே இரண்டு பேருக்கும் மறந்திருந்தது.

பெர்னடெட் தலையை மேலும் கீழும் ஆட்டினாள்.

"புரிஞ்சுது," என்றான் எமில் போனிடம்.

"பிறந்த தேதி?"

பெர்னடெட் கைகளைக் கோத்துக் குழந்தையைத் தாலாட்டினாள். எமில் தேதியைச் சொன்னான்.

"விலாசம்?"

இரண்டு உள்ளங்கையையும் கூரை போல் சாய்த்தாள். சொன்னான்.

"உங்க மெடிகேர் அட்டையில கடைசி நாலு எழுத்து?"

காற்றில் ஒரு சதுரம் போட்டு, நாலு விரலைக் காட்டினாள். நாலாவது விரல் நேராக நிற்கவில்லை. எமில் அட்டையைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசித்தான்.

"சரி சார். உங்களுக்கு என்ன செய்யணும்?"

பெர்னடெட் கட்டைவிரலைத் தோளுக்குப் பின்னால் வீசினாள்.

"உங்க திட்டம் எனக்கு வேண்டாம்," என்றான் எமில் உரக்க. "தூக்கிப் போடுங்க."

"ரத்து பண்ணணும்னு சொல்றீங்களா?"

அவள் தலையை ஆட்டினாள்.

"ஆமா. ரத்து."

"கடைசியா ரெண்டு கேள்வி. இதைச் செய்யச் சொல்லி உங்களை யாராவது வற்புறுத்தறாங்களா?"

இதற்கு ஆலையில் சைகை கிடையாது. அங்கே எல்லாரையும் வற்புறுத்தத்தான் செய்தார்கள். பெர்னடெட் யோசித்து, டை முடிச்சைக் காட்டி, அவன் தோளைப் பிடித்துத் தள்ளுகிற மாதிரி செய்து, உள்ளங்கையை விரித்தாள். மேஸ்திரி யாராவது உன்னைத் தள்ளுகிறார்களா?

எமிலுக்கு வினை நாக்கில்தான். அந்தக் காலத்தில் வீட்டில் அவள் முதுகுக்குப் பின்னால் டை முடிச்சைக் காட்டி, அவளையே மேஸ்திரி என்று கேலி செய்தவன் அவன்.

"பின்ன இல்லையா?" என்றான் கண்ணைச் சிமிட்டி. "நாப்பது வருஷமா தள்ளுறாளே!"

 பெர்னடெட் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"சார்," என்றாள் யோலண்டா. குரல் மாறியிருந்தது. "இது விளையாட்டு இல்லை. யாராவது வற்புறுத்தினா என்னால ரத்து பண்ண முடியாது. இன்னொரு தடவை கேக்கறேன். எதுக்காக ரத்து பண்றீங்க? யார் சொல்லி?"

எமில் பெர்னடெட்டைப் பார்த்தான். சொல்லு, என்ன கேட்கிறாள் என்று புருவத்தைத் தூக்கினான். அவள் கையைத் தூக்கப் பார்த்தாள். தூக்க முடிந்தது, விரல்கள் விரியவில்லை. சுருட்டிக்கொண்டுவிட்டன. இடது கையால் வலது விரல்களைப் பிரித்தாள், விட்டதும் மறுபடி மடங்கின. கையை மேஜைமேல் போட்டுவிட்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது, துடைக்கவும் இல்லை. போகட்டும். இதற்குமேல் அவளிடம் ஒன்றும் இல்லை.

எமில் அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். சிரிப்பு போய்விட்டது. போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"இங்க பாரும்மா," என்றான். "நீ இப்ப என்ன கேட்டேன்னு எனக்குத் தெரியாது. எனக்குக் காது கேக்காது. இவ்வளவு நேரம் நான் என் பொண்டாட்டி கையைப் பாத்துத்தான் பதில் சொன்னேன். அவ வாயைத் திறக்கலை. இப்ப அந்தக் கை நின்னுபோச்சு. ஊசி போட்டாத்தான் அது ஓடும். ஊசி யூனியன் அட்டையில வருது. உங்க டோனட்டைத் தின்னுட்டு நான் கையெழுத்துப் போட்டதுல அந்த அட்டை போகுதாம். முட்டாள்தனம் பண்ணினது நான். அவளுக்கு ஒரு வேலையைக் குறைக்கறேன்னு போய்ப் பண்ணினேன். என்னை யாரும் தள்ளலை, அது சும்மா விளையாட்டுக்குச் சொன்னது. நீ என்ன கேட்டிருந்தாலும் என் பதில் இதுதான். அந்தக் கை இல்லைன்னா எனக்கு இந்த உலகத்துல ஒரு ஆளோட குரலும் கேக்காது."

கொதிகலன் கீழே உறுமிக்கொண்டிருந்தது. பெர்னடெட் லைன் துண்டிக்கப்படும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். எடுத்துக் கொடுத்ததை அவனே ஒப்புக்கொண்டாகிவிட்டது. இந்த மனுஷனுக்கு உண்மை பேச வேறு நேரமே கிடைக்கவில்லை.

அந்தப் பக்கம் யோலண்டா மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"பக்கத்துல யாரும் பேசினது என் காதுல விழலை," என்றாள். பிறகு விசைப்பலகை தட்டும் சத்தம். "காரணம்னு ஒரு கட்டம் இருக்கு சார். விலை அதிகம், வேற ஊருக்குப் போறேன், வேற திட்டம், இப்படித்தான் இருக்கு. நீங்க சொன்னது இதுல இல்லை. 'மற்றவை'ன்னு போடறேன்."

எமிலுக்கு அது ஒன்றும் காதில் விழவில்லை. போனையே முறைத்துக்கொண்டிருந்தான்.

"ரத்து எண் சொல்றேன். எழுதிக்கறவங்க யாராவது இருந்தா எழுதிக்கலாம். மெதுவாவே சொல்றேன்."

பென்சிலைப் பிடிக்க பெர்னடெட்டால் ஆகவில்லை. தன் முழங்கையால் பென்சிலை எமில் பக்கம் தள்ளினாள். பிறகு மடங்கின முஷ்டியாலேயே ஒவ்வொரு எண்ணுக்கும் அத்தனை தடவை மேஜையைத் தட்டினாள், அவன் மேஜைமேல் உள்ளங்கையை விரித்து வைத்து, அதிர்வை எண்ணி எழுதினான். ஒன்பது வந்தபோது இரண்டு பேருக்கும் எண்ணிக்கை தவறி மறுபடி தட்ட வேண்டியிருந்தது. யோலண்டா அவசரப்படுத்தவில்லை.

கிளெண்டாவுக்கு போன் போட்டு எண்ணைச் சொன்னாள். "இரு, இரு," என்றாள் கிளெண்டா. காகிதம் புரளும் சத்தம், யாரிடமோ ஏதோ கேட்கும் சத்தம். "ஆச்சு பெர்னி. நிறுத்திட்டேன். ரெண்டு பேரும் உள்ளதான் இருக்கீங்க. அந்த மனுஷனை வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டு."

பெர்னடெட் போனை வைத்துவிட்டு எமிலைப் பார்த்துத் தலையசைத்தாள். அவன் பெருமூச்சு விட்டான். அவளுக்குச் சந்தோஷமாக இல்லை. கோபம் இப்போதுதான் வர ஆரம்பித்திருந்தது, ஆனால் அதைக் கத்துவதற்குத் தொண்டையும் இல்லை, கையும் இல்லை. அடுத்த அக்டோபர் வரும், அடுத்த டை கட்டியவன் வருவான், அடுத்த டோனட் வரும் என்று நினைத்தபோது உடம்பு முழுக்க வலித்தது.

எமில் அவளைத் தோளைப் பிடித்து எழுப்பிக் கழுவுத்தொட்டிக்கு நடத்திப் போனான். காலையில் விட்ட பாத்திரம் ஆறின தண்ணீரில் அப்படியே கிடந்தது. அதைக் கொட்டிவிட்டு வெந்நீர் பிடித்தான், மணிக்கட்டில் ஊற்றிச் சூடு பார்த்தான், அவள் இரண்டு கையையும் எடுத்து உள்ளே வைத்தான். மடங்கின குளிர்காலங்களில் தினமும் காலையில் செய்தது அது. அவள் கை பழக்கத்தில் தண்ணீருக்குள் ஒரு கோப்பையைத் தேடிப் பிடித்தது. அவன் அதைப் பிடுங்கித் தானே கழுவினான். மோசமாகக் கழுவினான், விளிம்பில் காபிக் கறை அப்படியே இருந்தது.

கழுவிக்கொண்டே அவள் பக்கம் திரும்பாமல், சோப்பு நுரை ஒட்டின விரலால் தன் காதுமடலைத் தொட்டான்.

"இருக்கேன்," என்றாள் பெர்னடெட். குரலே எழும்பவில்லை, எழும்பியிருந்தாலும் அவனுக்குக் கேட்டிருக்காது. அவன் இன்னும் காதுமடலில் விரலை வைத்துக்கொண்டு நின்றான். அவள் ஒரு கையைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுத்தாள். ஒரு விரலைத் தூக்கினாள், அது பாதிதான் நிமிர்ந்தது. அவன் அதைப் பார்த்துவிட்டு அடுத்த கோப்பையை எடுத்தான்.